கணினியின் பைத்தானைத் தொடாமல் நமக்கென்று ஒரு பைத்தான்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் ஆறு மடிக்கணினிகள். எல்லாம் யாரோ கழித்துக் கொடுத்தவை. விண்டோஸைத் தாங்காது என்பதால் ஆறிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். அதோடு கூடவே வரும் பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு எங்கள் வகுப்புக்குத் தாராளமாகப் போதும். போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன விடுமுறையில் அக்கா மகள் தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு லிந்தாங் பக்கம் கொஞ்சம் ரப்பர் நிலம் உண்டு. மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) உறைந்த பாலைக் கட்டியாக விற்கும்போது எடை, அதிலுள்ள உலர் ரப்பர் விழுக்காடு, அன்றைய விலை மூன்றையும் பெருக்கித்தான் காசு வரும். அந்தக் கணக்கைப் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் மடிக்கணினியில் அது ஓடவில்லை.

"மாமா, என் கணினியிலே நல்லா ஓடுது. உங்க கணினியிலேதான் சிண்டேக்ஸ் எரர்னு வருது."

பார்த்தால், எஃப்-ஸ்ட்ரிங் (உள்ளே மதிப்புகளைப் பொதித்து எழுதும் எழுத்துச்சரம்) ஒன்றில் இரட்டை மேற்கோளுக்குள்ளேயே இன்னோர் இரட்டை மேற்கோள் போட்டிருந்தாள். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12 முதல்தான் அதற்கு அனுமதி. எங்களுடையது 3.10. உள்ளே இருப்பதை ஒற்றை மேற்கோளாக மாற்றியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. "பைத்தானைப் புதுசு பண்ணிடலாம்மா, அதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டு 3.12-ஐ இறக்கி, கணினியின் 'பைத்தான்3' என்ற பெயர் அந்தப் புதியதைச் சுட்டும்படி இணைப்பையும் மாற்றிவிட்டேன்.

அவள் புரோகிராம் ஓடியது. மறுபடி டெர்மினலை, அதாவது கட்டளைகள் தட்டும் சாளரத்தை, திறக்கப் போனால் திறக்கவில்லை. ஐகானைத் தட்டினால் வட்டம் சுற்றும், பிறகு ஒன்றும் நடக்காது. வேறு வழியில் உள்ளே போய், உபுண்டுவில் மென்பொருள் போடும் கருவியான ஏபிடிக்கு 'ஏபிடி அப்டேட்' கொடுத்தால் ஏதோ மாட்யூலை, அதாவது துணை நிரல் ஒன்றை, காணவில்லை என்று கத்தியது. இரவு பதினொன்றரை வரை அதோடு மல்லுக்கட்டினேன். அந்த இரவில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லயத்து வீட்டில் நாம் குடியிருக்கலாம், வாசலில் கத்தரிச் செடி வைக்கலாம். சுவரை இடித்துக் கட்ட முடியாது, ஏனென்றால் அது நிர்வாகத்தின் வீடு. கணினியோடு வரும் பைத்தானும் அப்படித்தான். அது நமக்காக வைத்ததல்ல. இயங்குதளம் தன் வேலைகளுக்காக வைத்துக்கொண்டது. நாமும் பயன்படுத்தினால் அது கண்டுகொள்ளாது, அவ்வளவுதான். நம் இஷ்டப்படி பதிப்பு மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் நமக்கென்று தனியாக ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பில் நான் வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தட்டுவார்கள். இங்கேயும் அதே மாதிரி ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள். புள்ளி, கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாம் கண்ணில் படுகிறபடியே.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

டெர்மினலைத் திறந்து இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்:

பைத்தான்3 --வெர்ஷன்

டைப் -ஏ பைத்தான்3

எல்எஸ் -எல் /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

முதலாவது பதிப்பு எண்ணைச் சொல்லும். உபுண்டு 20.04 என்றால் 3.8, 22.04 என்றால் 3.10, 24.04 என்றால் 3.12. டெபியன் 12 (இன்னொரு லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு 3.11. அந்த உபுண்டு இருக்கும் காலம் முழுக்க இந்த எண் மாறாது. சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், ஆனால் 3.10 ஒருநாளும் தானாக 3.11 ஆகாது. அதற்கான காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

இரண்டாவது கட்டளை, அந்தப் பெயரில் கணினியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டும். புதிதாகப் போட்ட உபுண்டுவில் /யுஎஸ்ஆர்/பின் என்று ஒன்றும் /பின் என்று ஒன்றும் இரண்டு வரி வரலாம். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே இடம்தான். ஒன்று மற்றதன் மாற்றுப்பெயர். மூன்றாவது, 'பைத்தான்3' என்பது உண்மையில் 'பைத்தான்3.10' என்ற கோப்பைச் சுட்டும் வெறும் இணைப்பு என்று காட்டும். நான் கை வைத்தது அந்த இணைப்பில்தான்.

பெரட்டில் பெயர் கூப்பிடுவது போல

ஒரே பெயரில் இரண்டு பைத்தான் இருந்தால் கணினி எதை எடுக்கும்? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக வரும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரிக்க ஆட்கள் கூடும் வரிசையில், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயர் கூப்பிடுவார். தோட்டத்தில் மூன்று முனியம்மா இருந்து, அவர் வெறுமனே "முனியம்மா" என்று கூப்பிட்டால் முன்வரிசையில் நிற்கிற முனியம்மாதான் "ஐயா" என்பார். பின்னால் நிற்கிறவர் வாய் திறப்பதற்குள் வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்திருப்பார்கள். அதனால்தான் ஏழாம் நம்பர் லயத்து முனியம்மா, ஆயாக்கொட்டகை முனியம்மா என்று ஆளுக்கோர் அடைமொழி இருந்தது. அடைமொழியோடு கூப்பிட்டால் யார் எங்கே நின்றாலும் சரியான ஆள்தான் வருவார்.

கணினியில் அந்த வரிசைக்குப் பெயர் பாத். இதைக் கொடுத்துப் பாருங்கள்; இதில் பாத் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும்:

எக்கோ $பாத்

முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த ஒரு நீளமான வரி வரும். ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டர். நீங்கள் 'பைத்தான்3' என்று தட்டியதும் கணினி இடமிருந்து வலமாக ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டு போகும், முதலில் கிடைப்பதை எடுத்து ஓட்டும், அதற்கு மேல் தேடாது. உபுண்டுவில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்பது /யுஎஸ்ஆர்/பின் ஃபோல்டருக்கு முன்னால் நிற்கும். நாமாகப் போட்டவை முதலில் பதில் சொல்லட்டும் என்று வைத்த ஏற்பாடு அது.

அடைமொழியோடு கூப்பிடுவது என்பது முழுப் பாதையையும் சொல்வது: /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. இயங்குதளத்தின் பெரும்பாலான பைத்தான் கருவிகள் தங்கள் முதல் வரியிலேயே இப்படி முழுப் பாதையை எழுதி வைத்திருக்கும். ஆகவே நீங்கள் வரிசையை மாற்றினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. அந்த முகவரியில் இருக்கிற ஆளையே மாற்றினால்தான் வில்லங்கம்.

நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ், ஒருமுறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைப் போட்ட பிறகும் பழையதே பதில் சொன்னால் 'ஹேஷ் -ஆர்' என்று கொடுங்கள், இல்லாவிட்டால் டெர்மினலை மூடித் திறங்கள். பிள்ளைகள் அதிகமாகக் கேட்கும் கேள்வி இதுதான்.

என் கணினி ஏன் உடைந்தது

உபுண்டு 22.04-இல் டெர்மினலைத் திறக்கும் சின்ன ஸ்கிரிப்ட் பைத்தானில் எழுதியது. அது 'ஜிஐ' என்ற மாட்யூலைக் கேட்கும். ஏபிடி சி++ மொழியில் எழுதிய கருவி. ஆனால் பட்டியலைப் புதுப்பித்து முடித்ததும் அது கூப்பிடும் துணை ஸ்கிரிப்ட் ஒன்று பைத்தானில் இருக்கிறது, அது 'ஏபிடி_பிகேஜி' என்ற மாட்யூலைக் கேட்கும். இந்த இரண்டு மாட்யூல்களின் உட்பகுதியும் சி, சி++ மொழிகளில் எழுதி 3.10-க்கென்றே கம்பைல் செய்தவை (இயந்திரமொழிக்கு மாற்றியவை). கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-310' என்று இருக்கும். 3.12 வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், தனக்குரிய 312 எங்கே என்று தேடும். கிடைக்காது. கதை முடிந்தது.

பதிப்பு எண் மாறாததற்குக் காரணமும் இதுதான். ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் அத்தனையையும் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். அதனால் வெளியீட்டின்போதே ஒரு பதிப்பில் நிறுத்திவிடுகிறார்கள். பைத்தான் பக்கமோ நிற்பதில்லை. 3.9-லிருந்து ஆண்டுக்கொரு பதிப்பு, அக்டோபரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு. 3.10-க்கு அது 2026 அக்டோபரில் முடிகிறது. ஒன்று நிற்கிறது, ஒன்று ஓடுகிறது. இந்த இடைவெளியால்தான் பக்கத்தில் இன்னொன்று வைக்கும் தேவையே வருகிறது.

உண்மையிலேயே வேறு பதிப்பு வேண்டுமா?

என்னிடம் வந்து "அண்ணே, பைத்தான் புதுசு போடணும்" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குப் புதுப் பதிப்பு தேவையில்லை. ஏதோ ஒரு தொகுப்பைப் பிப் (பைத்தான் தொகுப்புகளைப் போடும் கருவி) மூலம் போட முயன்றிருப்பார்கள், பிழை வந்திருக்கும். உபுண்டு 24.04-இலோ டெபியன் 12-இலோ 'எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்' என்று ஒரு பிழை வரும். அதற்குப் பதிப்போடு சம்பந்தமில்லை. "இது நிர்வாகத்தின் வீடு, இங்கே ஆணி அடிக்காதே" என்று கணினி சொல்கிறது. அந்தப் பிழையை மீறுவதற்கென்று ஒரு தேர்வும் இருக்கிறது. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. பெயரிலேயே எழுதி வைத்திருக்கும்போது நான் வேறு சொல்ல வேண்டுமா?

22.04-இல் இந்தத் தடுப்பு இல்லை. அதனால்தான் அங்கே 'சூடோ பிப் இன்ஸ்டால்' (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது) அதிக ஆபத்து. அப்படிப் போட்டவை /யுஎஸ்ஆர்/லோக்கல் பக்கம் போய் உட்கார்ந்து, இயங்குதளத்தின் கருவிகள் தேடும் தொகுப்புகளுக்கு முன்னால் நின்றுகொள்ளும். என்றைக்கோ போட்டது, என்றைக்கோ உடைக்கும். சூடோவையும் பிப்பையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

தொகுப்பு மட்டும்தான் வேண்டும் என்றால் இருக்கிற பதிப்பிலேயே ஒரு வென்வ், அதாவது தொகுப்புகளுக்கான தனி அறை, போதும். அது கீழே வருகிறது. புதுப் பதிப்பே வேண்டும் என்றால் தொடருங்கள்.

பைஎன்வ் வழி

நான் பரிந்துரைப்பது இதைத்தான். பைஎன்வ், எழுத்துக்கூட்டினால் பி, ஒய், இ, என், வி. இது எல்லாவற்றையும் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நிர்வாகத்தின் பக்கம் ஒரு கல்லைக்கூட நகர்த்தாது. எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் போடலாம், பிடிக்கவில்லை என்றால் ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும்.

ஒரு சிரமம் உண்டு. இது பைத்தானை மூலநிரலாக இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். அதற்கு வேண்டிய சாமான்களை முதலில் வாங்கி வைக்க வேண்டும். பைஎன்வின் கிட்ஹப் விக்கியில், கம்பைல் செய்யப் பரிந்துரைக்கும் சூழல் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அதில் உபுண்டு, டெபியனுக்கான ஏபிடி வரி அப்படியே இருக்கும். முதலில் 'சூடோ ஏபிடி அப்டேட்', அப்புறம் அந்த வரியை நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்ட முயலாதீர்கள், ஒரு எழுத்து தப்பினாலும் போச்சு.

அந்த நீளமான வரியில் எதை விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பது நல்லது. 'லிப்எஸ்எஸ்எல்-டெவ்' இல்லாவிட்டால் பாதுகாப்பான இணைப்பே கிடையாது, பிப் ஒன்றையும் இறக்க முடியாது. 'ஜட்லிப்1ஜி-டெவ்' இல்லாவிட்டால் கம்பைலே பாதியில் நிற்கும். 'லிப்ரீட்லைன்-டெவ்' இல்லாவிட்டால் பைத்தானுக்குள் மேல் அம்பை அழுத்தினால் பழைய வரி வருவதற்குப் பதில் கிறுக்கல் வரும். 'லிப்எஸ்கியூலைட்3-டெவ்' இல்லாவிட்டால் எஸ்கியூலைட் வேலை செய்யாது. 'டிகே-டெவ்' என்பதைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வகுப்பில் அதுதான் முக்கியம், ஏனென்றால் டர்ட்டில் அதன்மேல்தான் ஓடுகிறது. ஆமை ஊர்ந்து கோலம் போடாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளை எதற்காக என் வகுப்புக்கு வரப்போகிறது?

இவற்றில் சில இல்லாமலும் கம்பைல் முடிந்துவிடும். முடிவில் எச்சரிக்கை என்று ஒரு வரி மட்டும் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஏதோ ஒன்று ஓடாதபோதுதான் தெரியவரும். அப்போது சாமானை மட்டும் போட்டால் சரியாகாது. சாமானைப் போட்டுவிட்டு அந்தப் பைத்தானையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

இனி பைஎன்வை இறக்கலாம். ஒரே வரியில் ஸ்கிரிப்டை இறக்கி நேராக பாஷிடம் கொடுக்கும் வழியும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைப்பது போல. கிட் (நிரல் பதிப்புகளைக் கையாளும் கருவி) மூலம் இறக்குவதே எனக்கு நிம்மதி. கட்டளை 'கிட் குளோன்', இடைவெளி, கிட்ஹப்பில் பைஎன்வ் திட்டத்தின் முகவரி, இடைவெளி, பிறகு இறக்க வேண்டிய இடம்:

~/.பைஎன்வ்

பைஎன்வ் என்ற பெயருக்கு முன்னால் புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர் அது. பின்னாளில் புதிய பதிப்புகள் பட்டியலில் வரவில்லை என்றால் இந்த ஃபோல்டருக்குள் போய் 'கிட் புல்' கொடுத்தால் போதும்.

அடுத்து, பெரட்டு வரிசையில் பைஎன்வை முன்னால் நிறுத்த வேண்டும். அதற்குப் '.பாஷ்ஆர்சி' கோப்பில் சில வரிகள் சேர்க்க வேண்டும். எந்த வரிகள் என்பதை அதனிடமே கேட்கலாம்:

~/.பைஎன்வ்/பின்/பைஎன்வ் இனிட்

உங்கள் ஷெல்லுக்கு ஏற்ற வரிகளைத் திரையில் காட்டும். அதை நகலெடுத்து (டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்) அது சொல்லும் கோப்புகளின் கடைசியில் ஒட்டிச் சேமியுங்கள். டெர்மினலை மூடித் திறந்து 'பைஎன்வ் --வெர்ஷன்' கொடுங்கள். எண் வந்தால் சரி. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தால் வரிகளைத் தவறான கோப்பில் ஒட்டியிருக்கிறீர்கள்.

இப்போது பைத்தான்:

பைஎன்வ் இன்ஸ்டால் 3.12

இப்படிக் கொடுத்தால் 3.12 வரிசையில் கடைசியாக வந்ததை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். என்னவெல்லாம் கிடைக்கும் என்று பார்க்க 'பைஎன்வ் இன்ஸ்டால் --லிஸ்ட்'. கம்பைல் நடக்கும்போது திரையில் ஒன்றும் அசையாது. மாட்டிக்கொண்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் கடைசியில் '-வி' சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பழைய மடிக்கணினிகளில் ஒரு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் முடிகிற நேரம் ஆகும். பேட்டரி செத்த மடிக்கணினியாக இருந்தால் மாலையில் இதை ஆரம்பிக்க வேண்டாம். எங்கள் ஊரில் நாலு மணிக்கு மேல் இடி இடித்தால் மின்சாரம் போவது வாடிக்கை. ஒருவேளை பாதியில் போய்விட்டாலும் நஷ்டமில்லை, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள்.

முடிந்ததும்:

பைஎன்வ் வெர்ஷன்ஸ்

'சிஸ்டம்' என்று ஒன்றும் 3.12 என்று ஒன்றும் வரும். நட்சத்திரம் சிஸ்டத்தின் பக்கத்தில் இருக்கும். அது அங்கேயே இருக்கட்டும். 'பைஎன்வ் குளோபல் 3.12' என்று கொடுத்து எல்லா இடத்துக்கும் மாற்றச் சொல்லி நிறையப் பேர் எழுதுவார்கள். நான் செய்வதில்லை. முழுப் பாதையோடு கூப்பிடும் கருவிகள் தப்பித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சில ஸ்கிரிப்டுகள் 'என்வ் பைத்தான்3' என்று, அதாவது அடைமொழி இல்லாமல், கூப்பிடும். உங்கள் டெர்மினலிலிருந்து அவற்றை ஓட்டினால் தவறான முனியம்மா வந்து நிற்பார்.

அதற்குப் பதில் வேண்டிய ஃபோல்டரில் மட்டும் மாற்றுங்கள். அக்கா மகளின் கணக்கு இருக்கும் ஃபோல்டருக்குள் போய்:

பைஎன்வ் லோக்கல் 3.12

அந்த ஃபோல்டரில் '.பைத்தான்-வெர்ஷன்' என்று ஒரு சின்னக் கோப்பு உருவாகும், உள்ளே எண் மட்டும் இருக்கும். இந்த ஃபோல்டருக்குள் 'பைத்தான் --வெர்ஷன்' கொடுத்தால் 3.12. வெளியே வந்து 'பைத்தான்3 --வெர்ஷன்' கொடுத்தால் பழைய 3.10. வெளியே '3' இல்லாமல் வெறும் 'பைத்தான்' என்று கொடுத்தால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வரலாம். உபுண்டு அந்தப் பெயரில் எதையும் வைப்பதில்லை, அதனால் பிழை என்று நினைக்க வேண்டாம்.

வென்வ்: ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை

வீடு கட்டியாகிவிட்டது. எல்லாத் தொகுப்புகளையும் கூடத்திலேயே குவித்தால் மறுபடி குழப்பம்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை பிரித்துக்கொள்ளுங்கள். அதே ஃபோல்டருக்குள்:

பைத்தான் -எம் வென்வ் .வென்வ்

சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்

வென்வ் என்பது வி, இ, என், வி. இரண்டாவது வரி கொடுத்ததும் டெர்மினலின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயர் வரும். இனி நீங்கள் போடுவதெல்லாம் இந்த அறைக்குள் மட்டும்தான். போடும்போது வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்பதைவிட 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பைத்தானுக்கு எந்தப் பிப் என்ற குழப்பம் அப்போது வராது. வேலை முடிந்ததும் 'டீஆக்டிவேட்'.

இந்த அறை அந்த வீட்டின் சுவரை நம்பி நிற்கிறது. நாளைக்கு அந்த 3.12-ஐ நீக்கினால் அறையும் போய்விடும். வென்வை இடம் மாற்றவோ இன்னொரு கணினிக்கு நகலெடுக்கவோ கூடாது. அதற்குப் பதில் 'பைத்தான் -எம் பிப் ஃபிரீஸ்' கொடுத்தால் வரும் பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்ற கோப்பில் சேமித்து வைத்து, புது இடத்தில் புது வென்வ் உண்டாக்கி அதிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.

கம்பைல் வேண்டாம் என்றால்

ஆறு மடிக்கணினியிலும் கம்பைல் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. வகுப்புக் கணினிகளில் 'டெட்ஸ்னேக்ஸ்' என்ற பிபிஏ வழியாகப் போட்டேன். தன்னார்வலர்கள் உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்காகப் பழைய, புதிய பைத்தான்களைத் தயார்நிலையில் கட்டி வைக்கும் இடம் அது.

சூடோ ஆட்-ஏபிடி-ரெப்போசிட்டரி பிபிஏ:டெட்ஸ்னேக்ஸ்/பிபிஏ

சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3.12 பைத்தான்3.12-வென்வ் பைத்தான்3.12-டிகே

வென்வும் டிகேயும் தனித் தொகுப்புகள், மறந்துவிட வேண்டாம். இதில் எனக்குப் பிடித்தது, புதியதற்கு அடைமொழி கூடவே வருகிறது: அதன் பெயர் பைத்தான்3.12, பழைய பைத்தான்3 அப்படியே இருக்கும். 'பைத்தான்3.12 -எம் வென்வ் .வென்வ்' என்று ஆரம்பித்தால் மீதி எல்லாம் மேலே சொன்னபடிதான். உங்கள் உபுண்டு எந்தப் பதிப்போடு வந்ததோ அது மட்டும் இங்கே கிடைக்காது, தேவையும் இல்லை. என் தவறு நடந்ததும் இந்த இடத்தில்தான். சரியாகப் போட்டு முடித்துவிட்டு, 'பைத்தான்3' என்று தட்டினாலே புதியது வரட்டும் என்று ஆசைப்பட்டு இணைப்பை மாற்றினேன். ஒரு புள்ளியையும் இரண்டு எண்ணையும் தட்டச் சோம்பல்.

மூலநிரலை நீங்களே இறக்கிக் கம்பைல் செய்கிற ஆளாக இருந்தால் ஒன்றே ஒன்று சொல்லுவேன். கடைசிப் படியில் 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். முன்னது /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் 'பைத்தான்3' என்ற பெயரையும் வைத்துவிடும், அது வரிசையில் முந்திக்கொள்ளும். பின்னது அடைமொழியோடு மட்டும் வைக்கும்.

யூவி என்ற கருவி 2024-இல் வந்தது. முன்கூட்டியே கட்டிய பைத்தானை இறக்குவதால் கம்பைல் தொல்லை இல்லை, வேகமும் அதிகம். 'யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.12' என்று ஒரு வரிதான். வலுவில்லாத கணினிக்கு இதுவே நல்லது. ஆனாலும் பிள்ளைகளுக்கு முதலில் பாத், இணைப்பு, வென்வ் புரிய வேண்டும் என்பதற்காக நான் இன்னும் பழைய வழியிலேயே சொல்லிக்கொடுக்கிறேன்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: ஆப்பிள் 2022-இல் மேக்ஓஎஸ் 12.3-இலேயே பைத்தான் 2.7-ஐ எடுத்துவிட்டது. இப்போது /யுஎஸ்ஆர்/பின்னில் இருக்கும் பைத்தான்3, ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வருவது. அந்த ஃபோல்டரை மேக் பூட்டியே வைத்திருக்கிறது, நீங்கள் நினைத்தாலும் என்னைப் போல் உடைக்க முடியாது. பைஎன்வ் அங்கேயும் ஓடும். விண்டோஸில் உள்ளே வரும் பைத்தான் என்று ஒன்று கிடையாது. 'பைத்தான்' என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும், அவ்வளவுதான். பைத்தான் தளத்திலிருந்து எத்தனை பதிப்பு போட்டாலும் 'பை -3.12' என்பது போல எண்ணோடு கூப்பிடலாம்.

ஏற்கெனவே உடைத்துவிட்டீர்களா?

டெர்மினல் திறக்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையுங்கள். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது. பழையது பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள்:

எல்எஸ் /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3*

3.10 அங்கே இருக்கும், நீங்கள் மாற்றியது இணைப்பை மட்டும்தான். திருப்பி வையுங்கள்:

சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

24.04 என்றால் 3.12 என்று போட வேண்டும். 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' வழியாக மாற்றியிருந்தால் முதலில் 'சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3' கொடுத்துவிட்டு, அப்புறம் மேலேயுள்ள வரி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் மேசைத்திரை திரும்பும். இந்த ஒரே வரிக்காகத்தான் நான் இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தேன்.

பழைய பைத்தானையே 'ஏபிடி ரிமூவ்' கொடுத்து எடுத்துவிட்டவர்கள் நிலை இன்னும் மோசம். பாதி மேசைத்திரையும் கூடவே போயிருக்கும். எதையெல்லாம் நீக்கப்போகிறேன் என்று ஏபிடி நீளமாகப் பட்டியல் போட்டிருக்கும். படிக்காமல் ஒய் அழுத்தியிருப்பார்கள். இணையம் இன்னும் வேலை செய்தால் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்' பெரும்பாலும் காப்பாற்றும். ஏபிடி பைத்தானை நம்பி இல்லை என்பது இங்கே கைகொடுக்கும்.

வேண்டாம் என்று தோன்றினால்

பைஎன்வில் போட்ட ஒரு பதிப்பை நீக்க 'பைஎன்வ் அன்இன்ஸ்டால்' என்று கொடுத்து, 'பைஎன்வ் வெர்ஷன்ஸ்' காட்டிய முழு எண்ணையும் தட்டுங்கள். ஒவ்வொரு பதிப்பும் சில நூறு மெகாபைட் பிடிக்கும் என்பதால் சின்ன வட்டு உள்ள கணினிகளில் இது உதவும். பைஎன்வே வேண்டாம் என்றால் '.பைஎன்வ்' ஃபோல்டரை அழித்துவிட்டு, நீங்கள் ஒட்டிய வரிகளையும் எடுத்துவிடுங்கள். வரிகளை விட்டுவைத்தால் டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பிழை காட்டலாம். டெட்ஸ்னேக்ஸில் போட்டதை 'சூடோ ஏபிடி ரிமூவ் பைத்தான்3.12' என்று எடுக்கலாம். அந்த '.12' இருக்கிறதா என்று என்டர் தட்டும் முன் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம், அக்கா மகளின் கணக்கு இப்போது வகுப்புக் கணினியில் ஓடுகிறது. மச்சான் மாதம் ஒருமுறை சனிக்கிழமை வந்து, ரசீதை வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டுப் போகிறார்.